சாரல் காலத்தில் டேப்பட் கவருக்குப் பெயின்ட் அடித்தேன்

செங்கோட்டையிலிருந்து

எங்கள் வீட்டில் நிற்பது 1989 மாடல் அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அப்பா அதில்தான் ஆரியங்காவு, புனலூர் வழியாகச் சபரிமலைக்குச் சாமிமார்களை ஏற்றிப் போய்வந்தார். ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை பிறப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, இன்ஜினின் தலையை மூடும் தகடான டேப்பட் கவருக்கு ஒரு கோட் சில்வர் பெயின்ட் அடிப்பார். தேய்ப்பது கிடையாது, கழுவுவது கிடையாது. பழையதன் மேலேயே புதியது. இப்போது அது சொந்த உபயோக வண்டி. அவருக்குக் குனிந்து வேலை செய்ய முடிவதில்லை. சென்ற ஆண்டு நான் கையில் எடுத்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். டேப்பட் கவரைப் பிடித்திருப்பவை மேலே இரண்டே நட்டுகள். தூக்கினால் உள்ளே வால்வுகளை இயக்கும் ராக்கர்கள் திறந்து கிடக்கும். அதன்மேல் சுத்தமான துணியைப் போர்த்தி, பாலித்தீன் உறையால் கட்டினேன். மணல் ஒன்று விழுந்தாலும் இன்ஜினுக்குள் போய்விடும். கார்க் பேக்கிங்கைப் புதிதாக வாங்கிவிடுங்கள். பழையதை மறுபடி போட்டால் ஆயில் கசியும், கசிகிற ஆயில் முதலில் தின்பது புதுப் பெயின்டைத்தான்.

கவரை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியில் தின்னரால் துடைத்தேன். 180 உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, விளிம்பில் அப்பா அடித்த கோட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிவரியாகத் தெரிந்தன. பதினொன்று வரை எண்ணினேன். சில வரிகளுக்கு நடுவே கறுப்பாக ஆயில் அழுக்கு சிக்கியிருந்தது. அந்த அழுக்கில்தான் எல்லாம் செதில் செதிலாகக் கழன்று வந்தது. வெறும் தகடு வரும்வரை தேய்க்க இரண்டு நாள் பிடித்தது. பிறகு அதைவிட நைசான 320, 400. அடிப்பூச்சாகப் பிரைமர். அதன்மேல் அரக்குச் சிவப்பு. சில்வரை விட்டு வெளியே வர வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

நான் தவறியது காலத்தில். அது ஆடி மாதம். கணவாய் வழியாகச் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே வைத்துத்தான் அடித்தேன், ஒரு துளி படவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் சிவப்பின் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது, கறுப்புத் திராட்சையின் தோலில் படிந்திருக்குமே, அதுபோல. துடைத்தாலும் போகவில்லை. பெயின்டில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. நம் பக்கத்தில் ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் இந்த வேலைக்கு ஆகாதவை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுபடி தகடு வரை தேய்த்தேன். மாசி மாதம் கவரை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, கை பொறுக்கும் சூடு வந்தபின் அடித்தேன். ஸ்பிரே டப்பாவுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாண். முதல் கோட் பனி படிந்ததுபோல இருந்தால் போதும், கீழே பிரைமர் தெரியத்தான் வேண்டும். பத்து, பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று கோட். முதல் கோட்டிலேயே மூடிவிடப் பார்த்தால் வடிந்துவிடும்.

டப்பாவில் எழுதியிருக்கும் வெப்ப அளவைப் பார்த்து வாங்குங்கள். டேப்பட் கவருக்கு 260 டிகிரி தாங்கும் இன்ஜின் எனாமல் தாராளம். இன்ஜினின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் அடித்தால் அது கருகிவிடும். 650 டிகிரி வரை தாங்கும் தனி வகை வேண்டும், அதுவும் வண்டியை ஓட்டிச் சூடேற்றி ஆறவிட்டால்தான் கெட்டிப்படும். அம்பாசிடரில் கார்ப்பரேட்டரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன; ஒன்றைத் தொட மற்றதையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் மேனிஃபோல்டை இன்னும் தொடவில்லை.

நகரியிலிருந்து

செங்கோட்டை அண்ணாச்சிக்கு ஈரம் செய்ததை எனக்கு வெயில் செய்தது. ஆந்திர எல்லையில் எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் எப்படி என்று திருத்தணிக்காரர்களுக்குத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு, மாருதி 800-இன் பேட்டரித் தட்டுக்குக் கறுப்பு அடித்தேன். பெயின்ட் தகட்டில் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, பரப்பு முழுவதும் சொரசொரப்பாகிவிட்டது. தடவினால் உப்புத்தாள்தான். தேய்த்துவிட்டு, மறுநாள் காலை ஆறரை மணிக்குக் காற்று எழுவதற்குமுன் அடித்தேன், வழுவழுப்பாக வந்தது.

பேட்டரித் தட்டைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். துருவைத் தேய்ப்பதற்குமுன் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரை பொங்கினால் அங்கே ஆசிட் மிச்சம் இருக்கிறது என்று பொருள். நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பெயின்டுக்கு அடியில் துரு மறுபடி கிளம்பும்.

களியக்காவிளையிலிருந்து

பானெட்டுக்குள் நான் அடித்த பெயின்ட் பார்க்க அழகாக வந்தது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போய்விட்டதென்று புதியது வாங்கினேன். அதற்கும் அதே டக். செல்ஃப் மோட்டாரைக் கழற்றப் போகும்போதுதான் பாறசாலையிலிருந்து வந்த மெக்கானிக், பேட்டரியின் நெகட்டிவ் ஒயர், அதாவது எர்த் ஒயர், பாடியில் உட்காரும் இடத்தை விரலால் காட்டினார். அதன்மேலும் நான் நீலம் அடித்திருந்தேன். பெயின்ட் படலம் மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவு சுரண்டியதும் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. போல்ட் உட்காரும் இடங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டே தொடங்குங்கள்.

பிரேக் ஆயில் டப்பா பக்கத்திலும் கவனம் வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும் பெயின்டை உரித்துவிடும்; உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

அண்ணாச்சி, சிவப்பைப் பார்த்து அப்பா என்ன சொன்னார்?

செங்கோட்டையிலிருந்து

நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. "இன்ஜின் நம்பர் மேல் தெறிக்கவில்லையே?" என்றுதான் கேட்டார். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள் அல்லவா. கவரைக் கழற்றி வெளியே வைத்துத்தான் அடித்தேன் என்றேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, பானெட்டுக்குள் குனிய முடியாமல் குனிந்து, ஒவ்வோர் இலக்கமாக விரலால் தடவிப் படித்து முடித்த பிறகே கையை எடுத்தார்.