காசஸ் பெல்லி: போர்க்காரணமா, முகாந்திரமா?

அன்புள்ள குழுவினருக்கு,

போர் தொடுக்க ஓர் அரசு எடுத்துக்காட்டும் நிகழ்வை லத்தீனில் 'காசஸ் பெல்லி' என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் நம் கேள்வி.

> காசஸ் பெல்லி = போர்க்காரணம். எளிதாகப் புரிகிறது. இத்தோடு முடித்துக்கொள்ளலாமே ஐயா?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. லத்தீனில் காரணத்துக்குச் சொல் 'காவுசா'. இங்கே இருப்பது 'காசஸ்', அதாவது நேர்ந்த ஒன்று. ஒலி நெருக்கத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

ஜென்கின்ஸின் காதை எடுத்துக்கொள்வோம். 1731இல் ஹவானா அருகே ஸ்பெயினின் கடற்காவலர்கள் பிரிட்டிஷ் கப்பல்தலைவர் ராபர்ட் ஜென்கின்ஸின் கப்பலில் ஏறிச் சோதனை போட்டார்கள். அந்தத் தகராறில் அவர் காது அறுபட்டது. பிரிட்டன் போர் அறிவித்ததோ 1739இல். எட்டு ஆண்டுகள் அந்தக் காது என்ன செய்துகொண்டிருந்தது? ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களோடு யார் வணிகம் செய்வது என்ற சண்டை முற்றட்டும் என்று காத்திருந்தது. காதுக்குப் 'போர்க்காரணம்' என்று பெயர் வைத்துவிட்டால், வணிகத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

> அப்படியென்றால் 'போர்ச்சாக்கு'?

மணல் மூட்டைதான் நினைவுக்கு வருகிறது! அது கிடக்கட்டும். சாக்கு என்றாலே பொய் என்று ஆகிவிடும். 1939 நவம்பர் 26 அன்று மைனிலா என்ற தன் எல்லைக் கிராமத்தில் பின்லாந்தின் குண்டுகள் விழுந்ததாகச் சொல்லி, நான்கே நாளில் சோவியத் ஒன்றியம் படையெடுத்தது. அதைச் சாக்கு என்று தாராளமாகச் சொல்லலாம். 1941இல் ஜப்பான் தாக்கி, பேர்ல் துறைமுகத்தில் மூழ்கிய அமெரிக்கக் கப்பல்களை எப்படிச் சாக்கு என்பது? 'தலைக்கீடு' என்ற பழைய சொல்லும் இங்கேதான் அடிபடுகிறது. அழகான சொல், ஆனால் போலிக்காரண வாடை போகாது.

என் பரிந்துரை 'போர் முகாந்திரம்'. 'வழக்குப் பதிய முகாந்திரம் இருக்கிறது' என்று நாளிதழில் படிக்கிறோம். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. மேற்கொண்டு இறங்க இது போதும், அவ்வளவுதான். அரசுகள் செய்வதும் இதையேதான். 1904இல் ஜப்பான், ரஷ்யாவின் பிடியில் இருந்த ஆர்தர் துறைமுகத்தைத் தாக்கிவிட்டு, அப்புறம்தான் போரை அறிவித்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் வந்தது 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை: காரணம் கூறும் போர் அறிவிப்போ, நிபந்தனையுள்ள அல்டிமேட்டமோ (இதைச் செய், இல்லையேல் போர் என்று கெடு வைக்கும் கடிதம்) தராமல் சண்டை தொடங்கக் கூடாது. ஆக, ஓலையில் எழுத ஏதாவது ஒன்று வேண்டும். 1945 ஐ.நா. சாசனத்துக்குப் பிறகு முறையான போர் அறிவிப்பு அரிதாகிவிட்டது. ஆனாலும் 51ஆம் பிரிவின்படி 'தற்காப்பு' என்று பாதுகாப்பு அவைக்குக் கடிதம் போகிறது. அதில் இருப்பதும் முகாந்திரம்தான்.

> வடசொல்லாயிற்றே?

ஆமாம். மெய், பொய் இரண்டையும் தாங்கும் தமிழ்ச்சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

சரி, அல்டிமேட்டத்துக்கு 'இறுதி எச்சரிக்கை' போதாது. 1914 ஜூலையில் ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கொடுத்தது 48 மணி நேரம். அந்தக் கெடு சொல்லிலேயே தெரிய வேண்டாமா? 'கெடுவோலை' என்று எழுதிப் பார்த்தேன். அதைத் தனி இழையில் அடித்துக்கொள்வோம்.