குணமாகாவிட்டால் விசுவாசக் குறைவா? நோயில் பூசுதல் பற்றியும் ஒரு கேள்வி

தாண்டவன்வெளி மகள்:
என் தாயாருக்கு 71 வயது. இரு சிறுநீரகங்களும் செயலிழந்ததால் வாரத்தில் 2 நாட்கள் வைத்தியசாலையில் டயாலிசிஸ் செய்துவருகின்றார். அண்மையில் அயலவர் ஒருவர் அழைத்துச் சென்ற செபக்கூட்டத்தில் அவருடைய தலையில் கைவைத்துச் செபித்தவர், விசுவாசம் முழுமையாக இருந்தால் நோய் உடலில் தங்காது என்றும், தங்குகிறதென்றால் உள்ளே ஏதோ பாவம் மறைந்திருக்கிறது என்றும் கூறிவிட்டார். அன்றிலிருந்து அம்மா தம் வாழ்நாள் முழுவதையும் கிளறி அந்தப் பாவத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றார். ஒரு தடவை டயாலிசிஸுக்கு வரவும் மறுத்துவிட்டார். பங்குத்தந்தையை அழைப்போமா என்றால், "எனக்கு இன்னும் அவஸ்தை (மரணத் தறுவாய்) வரவில்லை" என்று அழுகின்றார். அவருக்கு நான் என்ன சொல்வது?

கல்லடி உபதேசியார்:
மகள், உங்கள் அம்மாவின் அச்சத்துக்குப் பழைய பெயரே பாதிக் காரணம். குருவானவர் நோயாளிக்காகச் செபித்து எண்ணெய் பூசும் திருவருட்சாதனத்தை எங்கள் சிறுவயதில் அவஸ்தைப் பூசுதல் என்றே சொன்னோம். சுவாமியார் எண்ணெயோடு படலையைத் திறந்தால், அயலில் உள்ளவர்கள் மரண வீட்டுக்கு ஆயத்தமாகிவிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) நோயில் பூசுதல் என்ற பெயரே பொருத்தமானது என்றது; 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கையும் திருத்தியமைத்தார். யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எண்ணெய் பூசிச் செபிக்க மூப்பர்களை அழைக்கச் சொல்லப்படுவது நோயுற்றவருக்காகவே. சாகக் கிடப்பவர் என்று அங்கே இல்லை. கடும் நோயிலும், முதுமைத் தளர்ச்சியிலும், பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பெறலாம். நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம். வீட்டில் தனியே பெற அம்மா அஞ்சினால், பெப்ரவரி 11 உலக நோயாளர் தினத் திருப்பலியில் பலரோடு சேர்த்துப் பூசுவார்களா என்று பங்கில் விசாரியுங்கள். அம்மாவைப்போல நடந்து வருபவர்கள் அருகில் இருந்தால் அச்சம் பாதியாகக் குறையும்.

பெரியகல்லாறு வாசகன்:
நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன். ஆகையால் பூசுதல் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் மறைந்திருக்கும் பாவம் என்ற பேச்சுக்கு யோவான் 9ஆம் அதிகாரம் நேரான மறுமொழி. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, இருவருமல்ல என்றார் இயேசு. நாயீன் ஊரில் ஒரே மகனைப் பாடையில் அனுப்பிக்கொண்டிருந்த விதவை, அவரிடம் எதையும் கேட்கவுமில்லை, விசுவாச அறிக்கை செய்யவுமில்லை; அவளைக் கண்டு அவர் மனதுருகினார் என்றுதான் லூக்கா எழுதுகிறார். அந்த "மனதுருகி" என்ற சொல்லுக்குப் பின்னாலுள்ள கிரேக்கச் சொல், குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம்மூரில் தாய்மார் சொல்வார்களே, அதற்கு மிக அருகில் வரும் சொல் அது. பவுலோ தன் உடலில் தைத்த முள் என்று அவரே சொன்ன உபாதை நீங்கும்படி 3 தடவை வேண்டியும் அது நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிபவர் யார்?

வாழைச்சேனை சகோதரன்:
ஐயா, ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது. நாசரேத்தில் மக்களின் அவிசுவாசத்தால் அற்புதம் செய்ய இயலாமற் போயிற்று என்று மாற்கு 6இல் உள்ளது. விசுவாசம் வேண்டாம் என்றால் எதற்காகச் செபிக்கிறோம்?

பெரியகல்லாறு வாசகன்:
விசுவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. அதே வசனம், அங்கேயும் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று முடிகிறது. மாற்கு 2இல் திமிர்வாதக்காரனைக் கூரை பிரித்து இறக்கிய 4 பேரின் கதையில், "அவர்கள்" விசுவாசத்தை இயேசு கண்டார் என்றே இருக்கிறது. படுத்திருப்பவனால் முடியாதபோது அவனைத் தூக்குபவர்களின் விசுவாசமும் கணக்கில் வருகிறது. நோயாளியிடம் கணக்குக் கேட்பதைத்தான் தவறு என்கிறேன்.

அக்கரைப்பற்றுத் தாதி:
சகோதரி, மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம். டயாலிசிஸைத் தவற விடாதீர்கள். தவறினால் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறி, மூச்சுத்திணறலும், இதயத் துடிப்பு நின்றுபோகும் ஆபத்தும் ஏற்படும். மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்று எங்கள் கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் கூறுகிறது (கல்லாறு அண்ணனின் வேதாகமத்தில் அந்த நூல் இராது, ஆனாலும் லூக்கா வைத்தியர் என்பதை அவரும் ஒப்புக்கொள்வார்).

தாண்டவன்வெளி மகள்:
அனைவருக்கும் நன்றி. மாற்கு 2ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த 4 பேருக்கும் பெயர் இல்லையா என்று கேட்டார், எழுதப்படவில்லை என்றேன். வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு வரச் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை வீட்டுக்கு வருவார். இப்போது அவருடைய கவலை வேறு: ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (இரத்தக்குழாய் இணைப்பு) செய்திருப்பதால், அந்தக் கையில் எண்ணெய் பூசலாமா?

அக்கரைப்பற்றுத் தாதி:
உள்ளங்கையில் மெதுவாகப் பூசுவதால் தீங்கில்லை. ஊசி ஏற்றும் இடத்தில் எண்ணெய் படாமலும், அந்தக் கையை எவரும் இறுக்கிப் பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லடி உபதேசியார்:
வழமையாக நெற்றியிலும் இரு கைகளிலும் பூசுவார்கள். தேவை ஏற்பட்டால் நெற்றி மட்டும் போதும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மகள்.