கோவிடால் தள்ளிப்போன எஸ்எஸ்டிஐ: அப்பீலா, புது விண்ணப்பமா?

ஓஹையோதமிழன்:
அமெரிக்காவில் 12 வருஷம் வேலை பார்த்தவர், என் மைத்துனர். 2020 டிசம்பரில் கோவிட் வந்தது. மூச்சு வாங்குறதும் அசதியும் விடவே இல்லை. 2021 மார்ச் கடைசியில் வேலையை விட்டார். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் திறக்கட்டும்னு காத்திருந்து, 2023 பிப்ரவரியில்தான் எஸ்எஸ்டிஐ (உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி தர்ற மாதத் தொகை) விண்ணப்பம் போட்டோம். மருத்துவ ஆதாரம் போதாதுன்னு போன வாரம் நிராகரிப்புக் கடிதம் வந்திருக்கு. அப்பீல் பண்ணணுமா, புதுசா போடலாமா?

வைகைக்கரை:
அப்பீல்தான். தயவுசெய்து புதுசா போட்டுடாதீங்க. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 12 மாதத்துக்குத்தான் பழைய பாக்கி தருவாங்க. இந்த விண்ணப்பம் உயிரோட இருந்தா 2022 பிப்ரவரியிலிருந்து கணக்கு. வேலையை விட்ட பிறகு பணம் தராத அஞ்சு மாதக் காத்திருப்பு 2021 ஆகஸ்டோட முடிஞ்சிருக்கும். அதனால செப்டம்பர் முதல் ஜனவரி வரை அஞ்சு மாதப் பணம் ஏற்கெனவே போச்சு. புதுசா போட்டா இன்னும் போகும், மெடிகேரும் (அரசு மருத்துவக் காப்பீடு) தள்ளிப்போகும்.

கெடு, கடிதம் கிடைத்து 60 நாள். தபாலுக்கு 5 நாள் சேர்த்துக்குவாங்க. 561 (மறுபரிசீலனைக் கோரிக்கை), 3441 (நோய் நிலை அறிக்கை), 827 (மருத்துவப் பதிவுகளைத் தர ஒப்புதல்) படிவங்கள் வேணும். ஆன்லைன்லயே அனுப்பலாம்.

2020 மார்ச் 17 முதல் 2022 ஏப்ரல் 7 வரை கதவு மூடியிருந்தப்பவும் போனிலும் ஆன்லைனிலும் விண்ணப்பம் வாங்கினாங்க. அது தெரியாம காத்திருந்து இழந்தவங்க நிறைய பேர், நெஞ்சு பொறுக்கலை.

மருந்துச்சீட்டு:
ஓட்டை எங்கேன்னா வீடியோ விசிட்டில். அந்தக் காலக் குறிப்புகளில் "களைப்பா இருக்குன்னு சொல்றார்"னு மட்டும் இருக்கும். மூச்சுச் சத்தம், நடை, கைப்பிடி வலு எதுவும் இருக்காது, யாரும் தொட்டுப் பார்க்கலையே! நீடித்த கோவிடுக்கான ஐசிடி கோட் (பில்லில் நோயைக் குறிக்கிற எண், யு09.9) வந்ததே 2021 அக்டோபர் 1-இல்தான். அதனால பழைய பில்லில் வெறும் "களைப்பு"ன்னு இருக்கும். இரண்டும் ஒரே நோய்னு டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்க.

2020 டிசம்பர் பாசிட்டிவ் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்க. அது இல்லைன்னா, காய்ச்சல், இருமல்னு தான் கண்டதைக் குறித்து டாக்டர் எழுதின டயக்னோசிஸும் செல்லும். நுரையீரல் சோதனை, ஆறு நிமிட நடைச் சோதனை இரண்டையும் இப்போ எடுத்துடுங்க. "வேலை செய்ய முடியாது"ங்கிற ஒற்றை வரி பிரயோஜனப்படாது. ஒரே மூச்சில் எத்தனை நிமிஷம் நிற்பார், எத்தனை பவுண்டு தூக்குவார், மாசம் எத்தனை நாள் படுத்துடுவார், எல்லாம் எண்ணா வேணும். இந்த நிலை 12 மாதத்துக்கு மேல நீடிச்சதுன்னும் இருக்கணும்.

வைகைக்கரை:
இன்னொண்ணு. 2021-இல் வேலையின்மைத் தொகை வாங்கினாரா? அதில் வேலைக்குத் தயார்னு உறுதி சொல்லியிருப்பார். அது தானா தகுதியைக் கெடுக்காது, ஆனா ஹியரிங் வரை போனா நீதிபதி கேட்பார், பதில் தயாரா இருக்கட்டும்.

ஓஹையோதமிழன்:
வாங்கலை. கிரெடிட் (சம்பாத்தியத்துக்கு வருஷம் நாலு வரை சேர்ற தகுதிப் புள்ளி) காலாவதி ஆகிடுமோன்னுதான் பயம்.

வைகைக்கரை:
2021-இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,470 டாலர். மார்ச்சுக்குள்ள 5,880 டாலர் சம்பாதிச்சிருந்தா நாலும் விழுந்திருக்கும். 2026 டிசம்பர் 31 வரை எஸ்எஸ்டிஐ காப்பு உண்டு. 2019-இல் சுமார் நாலு மாசத்தில் வந்த முதல் முடிவுக்கே 2023-இல் ஏழு மாசம் தாண்டிச்சு. அப்பீலும் இழுக்கும். அதுவரை டாக்டர் விசிட்டை ஒண்ணுகூட விட்டுடாதீங்க.