உண்ணிச்செடியை வெட்டி ஏமாந்த கதை

கூடலூர் பக்கம் காட்டை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். பல வருடம் யாரும் எட்டிப் பார்க்காததில் பூராவும் உண்ணிச்செடி (லாண்டானா) மூடிவிட்டது. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்த செடி. இன்று முதுமலை முழுக்கப் புதர்.

முதல் வருடம் ஆள் வைத்துத் தரையோடு வெட்டினோம். ஒரு புதரிலிருந்து குட்டிகளோடு காட்டுப்பன்றி பாய்ந்து ஓடியதில் அரை நாள் வேலை நின்றது. அது கிடக்கட்டும். ஜூன் மழை விழுந்ததும் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தளிர்! கூலி போனதுதான் மிச்சம்.

அப்புறம் வேலைக்கு வந்த பெரியவர் ஒருவர், "கழுத்தை விட்டுட்டு முடியை வெட்டுறீங்களே" என்று சிரித்தார். தண்டும் வேரும் சேருகிற இடத்திலிருந்துதான் மறுபடி துளிர்க்கிறதாம். மண்ணுக்கு இரண்டு விரல் கீழே ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். வேர் வெயிலில் காய்ந்துபோனது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு சொல்வதும் இதே முறைதான் என்று பிறகு படித்தேன்.

பழம் கறுப்பதற்குள் முடித்திருக்க வேண்டும். நாங்கள் பிந்திவிட்டோம். பழத்தைத் தின்றுவிட்டுக் கொண்டைக்குருவிகள் வந்து உட்காரும் பலா மரத்தடியில் நாற்றங்கால் போட்டதுபோல் உண்ணிக் கன்றுகள். மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே வரும். மூன்றாவது வருடமாகப் பிடுங்குகிறேன். சோறு சாப்பிடும்போதும் விரலில் அந்த இலை வாடைதான்.

ராமநாதபுரத்திலிருந்து:
அண்ணே, இங்கே சீமைக்கருவேலம். கரிமூட்டத்துக்கு வெட்டிக்கொண்டு போவார்கள், தூர் மண்ணுக்குள் இருக்கும், சில வருடத்தில் மறுபடி விறகு. ஜேசிபி வைத்துத் தூரோடு தோண்டினேன். உங்களுக்குக் குருவி, எனக்கு ஆடு. நெற்றைத் தின்றுவிட்டுப் புழுக்கையில் விதையைப் போட்டுப் போகிறது. சரி, வெட்டிய புதரை எரித்தீர்களா?

பதில்:
இல்லை தம்பி, காட்டோரத்தில் தீ வைக்கப் பயம். எங்கள் பக்கம் பழங்குடியினர் நல்ல தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்து முழு அளவு யானைச் சிலையே செய்கிறார்கள். எங்களுடையது கவிழ்த்த இடத்திலேயே காய்கிறது. கிட்டப் போனால் கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைப்பேன், அடியில் பாம்பு இருக்கும்.