மழைக்காட்டில் மனிதருக்கு இடமில்லையா?

நிலா_வெள்ளவத்தை:
இலங்கையின் தென்மேற்கில் இருக்கும் சிங்கராஜ மழைக்காடு மனித வாடை படாததால்தான் பிழைத்தது, மிச்சம் இருக்கும் காடுகளும் ஆட்களை வெளியேற்றினால்தான் தப்பும் என்று நேற்று ரகு இங்கே எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்பிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பார்த்துவிடக்கூடிய பாஹியன்கல குகை புளத்சிங்களவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் இருந்திருக்கிறார்கள், அதுவும் மழை மிகுந்த ஈரவலயக் காட்டுக்குள்ளேயே. தோண்டியெடுத்த விலங்கெலும்புகளில் பெரும்பகுதி குரங்கும் அணிலும். கிளைக்குக் கிளை தாவும் மந்தியை எப்படிப் பிடித்தார்கள்? எலும்பைக் கூராகச் சீவிய முனைகள் 130 கிடைத்தன. சிலவற்றில் நார் சுற்றிக் கட்டிய தேய்மானமும், எதிலோ மோதி நுனி சிதறிய அடையாளமும் இன்றும் தெரிகின்றன. வில் அம்பு என்று ஆய்வாளர்கள் சொல்வது அதை வைத்துத்தான். குருவிற்றைப் பக்கம் பட்டதொம்ப குகையில் கெகுன என்ற காட்டு மரத்தின் கொட்டை ஓடு, மர நத்தை ஓடு, காட்டு ஈரப்பலா எல்லாம் கிடைத்திருக்கின்றன. இதுவா மனித வாடை படாத காடு?

ரகு_தெஹிவளை:
நிலா அக்கா, வாழ்ந்தார்கள் என்பது வேறு, காட்டைப் பராமரித்தார்கள் என்பது வேறு. ஒரு குகைக்குச் சில குடும்பங்கள், கையில் எலும்பு அம்பு. காட்டை அழிக்க அவர்களுக்கு வலு இருக்கவில்லை, அதைப் போய் அக்கறை என்று சொல்ல முடியாது. இன்று 2 கோடிக்கு மேல் சனம், துவக்கு, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம், இரவோடிரவாக மரம் ஏற்றும் லொறி. அமேசான் காடே மனிதர் நட்ட தோட்டம் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள், ஆனால் மேற்கு அமேசானில் ஆற்றங்கரையை விட்டு உள்ளே போய் மண் எடுத்துப் பார்த்தவர்கள் தீ மூட்டிய கரியும் மனிதத் தடமும் மிகக் குறைவு என்று 2012இல் எழுதினார்கள்.

மலையகத்தான்:
ரகு, நம் மலைக்காட்டை விழுங்கியது யார் என்று ஒருமுறை பாருங்கள். 1830களுக்குப் பின் காப்பி, 1869இல் இலைநோய் வந்து காப்பி விழுந்ததும் தேயிலை. எங்கள் பாட்டன் பூட்டனை லயம் என்ற வரிசை அறைகளில் அடைத்ததும் அந்தத் தோட்டங்களுக்காகத்தான். காட்டுக்குள் வாழ்ந்தவனா அதைச் செய்தான்?

நிலா_வெள்ளவத்தை:
அதேதான். அமேசானில் உட்காடு வேறு, ஆற்றோரம் வேறு, சரி. ஆனால் ஆற்றோரத்தில் கரியும் பானை ஓடுகளும் மீன்முள்ளும் கலந்த கருமண் இன்றும் நல்ல விளைச்சல் கொடுக்கிறது, அதை உண்டாக்கியது ஆதிக்குடிகள். அவர்கள் பழக்கிய 85 மரவகைகளில் 20 அந்தக் காட்டில் மிக அதிகமாக நிற்கும் மரங்களோடு சேர்கின்றன என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. பிரேசில் கொட்டை மரம் அதில் ஒன்று. இங்கேயும் பாருங்கள், பாஹியன்கலவில் வேட்டையாடியவை பெரும்பாலும் வளர்ந்த குரங்குகள். பல்லாயிரம் ஆண்டு வேட்டையாடியும் ஊதாமுக மந்தி அழியவில்லை, இப்போது கொழும்பைச் சுற்றி மரங்கள் போய் வீடுகள் வந்த பிறகுதான் அது தத்தளிக்கிறது.

ரகு_தெஹிவளை:
வளர்ந்த குரங்கில் இறைச்சி அதிகம் அக்கா. குட்டியை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள் என்று எலும்பு எப்படிச் சாட்சி சொல்லும்?

நிலா_வெள்ளவத்தை:
சொல்லாமல் இருக்கட்டும். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடித் தேன் எடுத்த, இலங்கையின் ஆதிக்குடியான வேடர்களுக்கே அந்தக் காடு தடையானது. இதைத்தான் நீங்கள் பாதுகாப்பு என்கிறீர்களா? வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர்களும் இருக்கிறார்கள், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லைக்கல் நடும் முன் அவர்களைக் கேட்கச் சொல்கிறேன்.

ரகு_தெஹிவளை:
கேளுங்கள், தேன் எடுக்க அனுமதியும் கொடுங்கள், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதே வாசல் வழியாக லொறிக்காரனும் நுழைவான், அப்போது அவனும் இந்த 48,000 ஆண்டுக் கதையைத்தான் சொல்லுவான். அவனை எப்படித் தடுப்பது என்று எழுதுங்கள், அதுவரை என் நிலைப்பாடு இதுதான்.