மொட்டைத் தென்னையில் குடியிருந்த கிளிகள்

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் தோப்பில் பாதி மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. நான்கு மரங்கள் கொண்டை முறிந்து மொட்டையாக நின்றன. மூன்றை அறுத்தாயிற்று. வாய்க்கால் ஓரம் நின்ற நான்காவதை அறுக்க ஆள் கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டு வருடத்தில் உள்ளே உளுத்துப்போய், மரங்கொத்தி ஒன்று அதில் பொந்து போட்டது. 2021 தை மாதம் அந்தப் பொந்தை ஒரு ஜோடி பச்சைக்கிளி பிடித்துக்கொண்டது. சும்மா கிடைக்கவில்லை. இரண்டு மைனாக்கள் நாலைந்து நாள் விடாமல் சண்டைக்கு வந்தன. பெண்கிளி பொந்துக்குள் இருந்தபடியே தலையை மட்டும் நீட்டிக் கொத்தும். ஆண் உச்சியில் நின்று கத்தும். ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக ஆரம் இருக்கும். அதற்காக ஆரம் இல்லாததெல்லாம் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணுக்கே அது முழுதாக வர மூன்று வயது ஆக வேண்டும்.

அடைக்கு உட்கார்ந்த பிறகு மூன்று வாரத்துக்கு மேல் பெண் அதிகம் வெளியே வரவில்லை. ஆண்தான் இரை கொடுத்தது. பம்புசெட் கொட்டகை மேல் உட்கார்ந்து தினமும் பார்ப்பேன். வெறும் அலகோடுதான் வந்து உட்காரும். தலையை மேலும் கீழுமாக நாலைந்து தடவை ஆட்டும், தொண்டை புடைக்கும், கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். அப்புறம் தின்றதைக் கக்கி, அலகோடு அலகு வைத்து ஊட்டும். எங்கள் கொய்யாவைக் கடித்துப் பாதியிலேயே கீழே போடுகிற அதே கிளி, இதில் ஒரு துளி சிந்தாது.

மாசிக் கடைசியில் உள்ளிருந்து கீச்சுச் சத்தம். அதைக் கேட்டு ஏணியோடு இரண்டு பையன்கள் வந்துவிட்டார்கள். குஞ்சு எடுத்து விற்கத்தான். 1972 வனவிலங்குச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம் என்று சொன்னேன், அது எடுபடவில்லை. அம்மா வந்து, “தாய்க்கிளி உள்ளே இருக்குடா தம்பி” என்றாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சித்திரையில் மூன்று குஞ்சுகள் பறந்தன. கடைசிக் குஞ்சு பக்கத்துத் தென்னை மட்டையில் இறங்கத் தெரியாமல் சறுக்கி, அலகால் ஓலையைக் கவ்விக்கொண்டு மெதுவாக மேலே ஏறியது. கிளிக்கு அலகுதான் மூன்றாவது கால்.

*

அண்ணா, உங்கள் கிளிப் பதிவைப் படித்தேன். நான் வால்பாறையில் இருக்கிறேன். இங்கே சின்னக்கிளி உண்டு, ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். கல்யாண முருங்கை பூத்துவிட்டால் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும். தூக்கமும் அப்படித்தான், வௌவால் மாதிரி. ஒருமுறை பெண் ஒன்று இலையை நீளநீளக் கீற்றாகக் கிழித்து, வாலுக்கு மேல் உள்ள இறகுக்குள் செருகிக்கொண்டு பறந்ததைப் பார்த்தேன். கூட்டுக்கு மெத்தை! அரை நிமிடம்தான் இருக்கும். இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

*

எனக்கு எட்டு வயதில், இறக்கை வெட்டிய கிளி ஒன்றை மாமா வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் கூட்டம் கூட்டமாக மற்ற கிளிகள் அடையப் போகும்போது கூண்டுக் கம்பியில் ஏறி நின்று கத்தும். அது எங்களோடு பேசுகிறது என்று அப்போது சந்தோஷப்பட்டேன். இதைப் படித்ததும் அந்தக் கத்தல்தான் ஞாபகம் வந்தது. அந்த மொட்டை மரம் இன்னும் நிற்கிறதா அண்ணே?

*

இல்லை தம்பி, போன ஐப்பசி மழையில் சாய்ந்துவிட்டது. வண்டு விழுந்து பட்டுப்போன தென்னை இன்னொன்று கிணற்றடியில் நிற்கிறது. விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் சாயாத மரம்தான், நிற்கட்டும். மரங்கொத்தி இரண்டு நாளாக அதைத் தட்டிப் பார்க்கிறது.