வெள்ளைக்கல் குழியும் அங்கே வேலை செய்தவர்களும்: உங்கள் மனத்தில் நிற்பது எது?

செட்டிச்சாவடிக்காரன்

சேலத்தில் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் நகரமலைக்கும் நடுவே கிடக்கும் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் குழிகளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மா அங்கே கல் பொறுக்கினார். வெடி வைத்துப் பெயர்த்த பாறையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கல்லைச் சிறு சுத்தியலால் தட்டி நீக்கி, வெள்ளையை மட்டும் தனியே குவிக்கும் வேலை அது. நல்ல கல் உடைந்தால் மெருகு போடாத பீங்கான்போல இருக்கும்.

ஆறாம் வகுப்பு விடுமுறையில் ஒரு நாள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு, புருவம், இமை எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைத் தூசி. அம்மாவைத் தேடிக்கொண்டு அந்த வரிசை முழுவதும் நடந்து, அவரையும் தாண்டிப் போய்விட்டேன். அவர் என்னைப் பார்த்திருக்கிறார், ஆனால் கூப்பிடவில்லை. இரவில் கேட்டதற்கு, "நீயே கண்டுபிடிப்பேன்னு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

வெள்ளக்கல்பட்டிப் பெண்

நான் குழியின் ஓரத்து வேப்பமரத் தூளியில் கிடந்த பிள்ளை. வெடிக்கு முன் சங்கு ஊதியதும் எல்லோரும் ஒதுக்கிடத்துக்கு ஓட வேண்டும் என்பது விதி. ஒரு நாள் என் அம்மா மட்டும் எதிர்த்திசையில் தூளியை நோக்கி ஓடினாராம். சிவப்புக் கொடி பிடித்திருந்தவர் கத்தியும் நிற்கவில்லையாம். தூளியோடு என்னை அள்ளி அணைத்துக்கொண்டு மரத்தடியிலேயே குப்புறப் படுத்துவிட்டார் என்றும், வேட்டுச் சத்தம் அடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை என்றும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை. அந்தச் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் பேருந்து போகும்போது நான் இன்றும் சன்னலோரம் உட்காருவதில்லை.

கருப்பூர்வாசி

மேலே சகோதரி சுண்ணாம்புக் கரடு என்று எழுதியிருப்பதைத் திருத்தாமல் போக மனம் வரவில்லை, மன்னிக்கவும். அது சுண்ணாம்பு அன்று. வெள்ளைக்காரர்கள் வெண்மையைப் பார்த்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், நாமும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலத்தை ஊற்றினால் உடனே நுரைத்துப் பொங்கும். மேக்னசைட்டோ சூடுபடுத்தினால் ஒழியப் பெரிதாக அசையாது. பலரும் சொல்லும் சுரங்கம் என்ற சொல்லும் நிலக்கரி வெட்டும் சுரங்கப்பாதையை நினைவூட்டுகிறது. நம்மிடம் இருந்தவையெல்லாம் வானம் பார்த்த குழிகள்.

என் அப்பாரு இந்தக் கல்லைச் சுடும் சூளையில் வேலை செய்தவர். அரசின் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் தொடங்கியது 1979இல். அவர் அதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு சூளையில் சேர்ந்துவிட்டார். இரண்டு வண்டிக் கல் உள்ளே போனால் ஏறக்குறைய ஒரு வண்டிதான் வெளியே வரும் என்று அவர் சொன்னபோது, யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்துப் பதறிப் போனேன். அவர் சிரித்து, "கல்லு மூச்சு விட்டுருச்சுன்னா பாதிதான்டா மிஞ்சும்" என்றார். கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான், நூறு கிலோ தூய மேக்னசைட்டில் 52 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடுகிறது என்றும், மிஞ்சும் மக்னீசியா 2800 டிகிரி வரை உருகாததால்தான் எஃகு உலைக்குள் செங்கல்லாக அடுக்கப்படுகிறது என்றும் அறிந்தேன். மூன்றாம் வகுப்புகூடத் தாண்டாத அப்பாரு ஒரே வரியில் சொன்னதுதான் அது. அவருக்கு மட்டும் மூச்சு கடைசி ஐந்து ஆண்டுகள் சரியாகவே வரவில்லை.

ஓமலூரான்

என் பெரியப்பாவும் குழியில்தான் இருந்தார், அதிகம் பேசமாட்டார். ஆனால் இங்கே எல்லோரும் கதை சொல்கிறீர்களே ஒழிய, பயனுள்ளதை யாரும் எழுதவில்லை. வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் உரிமை உண்டா என்று முதலில் பாருங்கள். பத்து ஆண்டுகள் பணிக்காலம் இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கேட்கலாம், அதற்கான விண்ணப்பம் 10டி படிவம். 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய். உறுப்பினர் இறந்துவிட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை வாழ்நாள் சான்று கொடுக்கத் தவறினால் பணம் நின்றுவிடும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் கணக்கு எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம், ஆகையால் பெட்டியின் அடியில் தேடுங்கள். செட்டிச்சாவடி நண்பர் தம் தாயாருக்காக இதை உடனே செய்ய வேண்டும்.

கருப்பூர்வாசி

ஓமலூர் அண்ணன் சொல்வது கம்பெனி ஆட்களுக்குப் பொருந்தும். கல் பொறுக்கிய பெண்களில் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு என்ற ஒன்று கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

செட்டிச்சாவடிக்காரன்

ஓமலூரானுக்கு நன்றி. பெட்டியின் அடியில் தேடிப் பார்த்தாயிற்று. அம்மா ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்தவர், கூலியைச் சனிக்கிழமை மாலையில் மேஸ்திரி கையில் எண்ணிக் கொடுப்பார். அம்மா இறந்த பிறகு, அந்த மேஸ்திரியின் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு நோட்டை அவருடைய மகன் எடுத்துக் காட்டினார். ஆண்களுக்குப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் "பொ. ஆள் 30", "பொ. ஆள் 28" என்று எண்ணிக்கை மட்டும் எழுதியிருந்தது. நான் தூக்கோடு போனது எந்தத் தேதி என்று நினைவில்லாததால், அந்த மே மாதத்துப் பக்கங்கள் முழுவதையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.